ஐம்பது காசு சர்டிபிகேட்

போன வாரம் கோபால் வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரி அலுவலகத்தில் நான் தேய்த்துவிட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்து தேய்ப்பவன் அவன்தான். வந்தவன் காப்பி வருவதற்குள் விஷயத்தைக் கொட்டினான்.

"சார், நம்ம பையன் ஒருத்தன் முப்லிஸ் ஆயிட்டான். கடன கட்ட முடியலன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டான். பீஸ் பாக்கி நெறய இருக்கு. மேனேஜ்மெண்டு சர்டிபிகேட்ட புடிச்சு வைன்னு சொல்லுது. புடிச்சு வைக்கலாமா லா?"

அவனுக்கு வேண்டியது 'வைக்கலாம்' அல்லது 'கூடாது' என்ற ஒற்றைச் சொல். ஓய்வு பெற்றவனிடம் வந்து ஒற்றைச் சொல்லைக் கேட்டால் கிடைக்குமா? இரண்டு காப்பி, ஒரு தட்டு முறுக்கு, ஒரு மழை எல்லாம் முடிந்து அவன் கிளம்பும்போது, "இத எழுதி வைங்க சார். மேனேஜ்மெண்டுகிட்ட என்னால இவ்ளோ நேரம் சொல்ல முடியாது" என்றான். ஆகவே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரைக்கும் படித்தேன். கையெழுத்து அழகாக இருந்தது. வேறு தகுதி எதுவும் கிடையாது. ஈப்போவில் கிந்தா ஆற்றுக்கு அந்தப் பக்கம், புது டவுனில், ஒரு தையல்கடைக்கு மேலே இரண்டு அறை. வாசலில் 'காலேஜ்' என்று பலகை. காலேஜ் என்றதும் தோட்டம், மணிக்கூண்டு என்று எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓர் அறையில் எட்டுத் தட்டச்சு இயந்திரங்கள், மற்றதில் சுருக்கெழுத்து வகுப்பு. கீழே தையல் இயந்திரம், மேலே தட்டச்சு இயந்திரம். நடுவில் பலகைத் தரை. குமாஸ்தா, பில் கலெக்டர், மணியடிப்பவன், ரிப்பன் மாற்றுபவன் எல்லாம் நானே.

பிரின்சிபால் அருளம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, வெயிலானாலும் மழையானாலும் கையில் மடித்த குடை. அந்தக் குடையை விரித்து நான் பார்த்ததில்லை. யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்ல மாட்டார். "வேகம் என்ன?" என்று கேட்பார். நிமிஷத்துக்கு எத்தனை சொல் எழுதுவாய் என்பது அதன் அர்த்தம். தபால்காரனைக்கூட ஒருமுறை கேட்டுவிட்டார். அவன் சைக்கிள் வேகத்தைக் கேட்கிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டான்.

வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். இருபது பென்சில்கள் காகிதத்தில் ஓடும் சத்தத்தில் எந்தப் பென்சில் பின்தங்குகிறது என்று அவருக்குத் தெரியும். கண்ணைத் திறக்காமலே, "மூண்டாம் வாங்கில், வலது பக்கம். நீர் நித்திரையோ?" என்பார். வாங்கு என்றால் பெஞ்சு. ஒருநாளும் கத்தியதில்லை. கத்துவதற்கும் ஏதோ செலவாகும் என்று நினைத்தாரோ என்னவோ.

கட்டணம் மாதம் ஆறு வெள்ளி, அதாவது ஆறு டாலர். கட்டாதவர்களுக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதல் மாதம் மாடிப்படியில் நிறுத்தி மெதுவாக ஞாபகப்படுத்துவார். இரண்டாம் மாதம் பாக்கிக்காரர்களின் பெயர்களை வகுப்பில் வாசிப்பார். சும்மா அல்ல, சுருக்கெழுத்துப் பாடமாகவே வாசிப்பார். எல்லோரும் எழுதவேண்டும், பாக்கிக்காரனும் தன் பெயரை எழுதவேண்டும். தப்பாக எழுதினால் அதற்குத் தனியாகத் திட்டு. மூன்றாம் மாதம் எனக்குக் கண்ணைக் காட்டுவார். நான் போய் அவனுடைய தட்டச்சு இயந்திரத்திலிருந்து ரிப்பனைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவேன். அவன் தட்டலாம், எவ்வளவு வேண்டுமானாலும் தட்டலாம். காகிதத்தில் ஒன்றும் விழாது.

இவ்வளவுக்கும் அசையாதவன் பரீட்சை எழுதித் தேறினால், சீமையிலிருந்து கப்பலில் வரும் அவன் சர்டிபிகேட் பிரின்சிபாலின் இரும்பு அலமாரிக்குள் போகும். கட்டணம் முழுவதும் வந்தால்தான் வெளியே வரும். பெரும்பாலும் வந்துவிடும். பாகான் டத்தோ பக்கத்துப் பையன் ஒருவன் பணத்துக்குப் பதில் தேங்காயாக அனுப்பினான். 'சுருக்கெழுத்துக்காகத் தேங்காய் ஒரு மூட்டை' என்று என் அழகான கையெழுத்தில் ரசீது கொடுத்தேன். அந்த மாதம் முழுக்க பிரின்சிபால் வீட்டில் தேங்காய்ப்பால் சொதிதான் என்று கேள்வி.

அப்போதுதான் ரப்பர் விலை விழுந்தது. விழுந்தது என்றால் அப்படி ஒரு விழுகை. தோட்டங்களில் பால்மரம் சீவுவதை நிறுத்தினார்கள், ஆட்களைக் கப்பலேற்றினார்கள், கூடவே கிராணிமார்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா. நேற்றுவரை செக்ரோல் என்ற ஆள்கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நூறு பேரை மிரட்டியவர். அவர்கள் எல்லோரும், டவுன் ஆபீஸ்களில் சுருக்கெழுத்துக்காரனுக்குத்தான் மவுசு என்று யாரோ சொன்னதை நம்பி எங்கள் மாடிப்படி ஏறினார்கள். ஊர் முழுக்க வேலை போன காலத்தில் எங்கள் காலேஜில் மட்டும் உட்கார வாங்கு இல்லை.

அப்படி வந்தவன் வடிவேலு. தாப்பா பக்கத்துத் தோட்டத்தில் சின்னக் கிராணியாக இருந்தவன். சட்டைக் கழுத்து நைந்திருக்கும், ஆனால் வெளுத்திருக்கும். புந்தோங்கில் மைத்துனி வீட்டுப் பின்கட்டில் மனைவியோடு ஒண்டியிருந்தான். அவனுக்கு வந்த கேடு, அந்தக் காலத்துக் கிராணிகளுக்கே உரிய கேடு. ஒருவன் செட்டியாரிடம் நோட்டு எழுதிக் கடன் வாங்கினால் இன்னொரு கிராணி ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும். போடமாட்டேன் என்றால் நட்பு போச்சு. நீ எனக்கு, நான் உனக்கு என்று மாவட்டம் முழுக்கக் கையெழுத்துகள் பின்னிக் கிடந்தன. வடிவேலு யாருக்குப் போட்டானோ அந்த நண்பன் வேலை போனதும் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறிவிட்டான். எழுநூறு வெள்ளிக் கடன் வடிவேலு தலையில் உட்கார்ந்தது. அவன் வாங்கித் தின்றது அதில் ஒரு வெள்ளிகூட இல்லை.

எங்களுக்கும் எட்டு மாதக் கட்டணம், நாற்பத்தெட்டு வெள்ளி, பாக்கி வைத்தான். மூன்றாம் மாதமே அவன் ரிப்பனை நான் கழற்றிவிட்டேன். வேறொருவனாக இருந்தால் வராமல் நின்றிருப்பான். இவன் தினமும் வந்து வெறுமையாகத் தட்டினான். விழுந்த எழுத்து சரியா தப்பா என்று பார்க்க வழியில்லாததால் விரலையே நம்பப் பழகிக்கொண்டான். பரீட்சையில் ரிப்பன் போட்ட இயந்திரத்தைக் கொடுத்ததும் பிழையில்லாமல் அடித்துத் தள்ளினான். பிறகு பிரின்சிபால் இதையே 'எமது நவீனப் பயிற்சி முறை' என்று விளம்பரத்தில் போட்டார்.

சுருக்கெழுத்திலும் நூற்றிருபது சொல் வேகத்தில் தேறினான். எங்கள் காலேஜில் அந்த வேகத்தில் தேறிய முதல் ஆள் அவன்தான். கப்பலில் வந்த சர்டிபிகேட்டைப் பார்த்த பிரின்சிபால் குழம்பிப்போனார். பாக்கிக்காரன் காகிதம், அலமாரியில் பூட்டவேண்டும். ஆனால் இப்படி ஒரு காகிதத்தைப் பூட்டி வைக்க மனசு வருமா? கண்ணாடி பிரேம் போட்டு, மாடிப்படி ஏறி வருபவன் முகத்துக்கு நேராக ஆணியடித்து மாட்டிவிட்டார். புதிதாகச் சேர வருபவர்களிடம் குடை நுனியால் அதைக் காட்டி, "இதுக்கு விலை இல்லை, தெரியுமோ? பொன்னைவிடப் பெறுமதி" என்பார். பெயருக்கு உரியவன் மட்டும் அதைத் தொடக்கூடாது.

கடைசியில் வடிவேலு மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான். கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் ஒப்புக்கொண்டு திவாலாகிவிட்டான். அதே வாரம் பாகான் டத்தோவில் ஒரு தென்னந்தோட்டக் கம்பெனியிலிருந்து அவனுக்குக் கடிதம் வந்தது. ஸ்டெனோ வேலை, திங்கட்கிழமை அசல் சர்டிபிகேட்டுடன் நேரில் வரவேண்டும், வராவிட்டால் அடுத்த ஆள். சர்க்கார் வேலைக்குத் திவாலானவனைத் தொடமாட்டார்கள். அவனுக்கு இருந்த ஒரே கதவு அது.

அவன் கேட்க வெட்கப்பட்டதால் அவன் மனைவி லெட்சுமி வந்தாள். நிறைமாதம். பிரேமுக்குக் கீழே நின்று என்னைக் கேட்டாள்.

"இதுல எது அண்ணே அவரு பேரு?"

விரலை வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவரு பேர மாட்டிவச்சு ஆளு புடிக்கிறீங்க. அவர மட்டும் ரிப்பன் இல்லாம ஒக்கார வச்சீங்க. நல்லா இருக்கு ஒங்க காலேஜு."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. உள்ளே போய்ச் சொன்னேன். பிரின்சிபால் கண்ணைத் திறக்காமல், "காசு வரட்டும், கடதாசி போகட்டும்" என்றார். அவள் படியிறங்கிப் போனாள்.

இப்போது கோபால் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஒருவன் திவாலானால் அவனுடைய சொத்தெல்லாம் அசைனி என்ற சர்க்கார் அதிகாரியின் கைக்குப் போய்விடும். கடன் கொடுத்தவர்கள் அவனை வழியில் மறிக்கக் கூடாது. அசைனியிடம் பாரம் என்ற அச்சுப் படிவத்தை எழுதிக் கொடுத்து வரிசையில் நிற்கவேண்டும். கிடைப்பதை அவர் விகிதப்படி பங்கு வைப்பார். காலேஜும் வரிசையில் ஓர் ஆள்தான். செட்டியாருக்குப் பின்னால், சைக்கிள் கடைத் தவுக்கே என்ற சீன முதலாளிக்கு முன்னால். எங்களுக்கும் பாரம் வந்தது. பிரின்சிபால் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன்.

அதில் ஒரு கேள்வி: கடனுக்குப் பிணையாக ஏதாவது வைத்திருக்கிறீரா?

"ஓம் எண்டு எழுதும். சர்டிபிகேட்" என்றார்.

அடுத்த கேள்வி: அதன் மதிப்பு என்ன?

"இருநூறு வெள்ளி எண்டு எழுதும்."

நான் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பாரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். பிணையின் மதிப்பைக் கடனிலிருந்து கழித்துவிட்டு மீதிக்குத்தான் பங்கு. கடன் நாற்பத்தெட்டு. பிணை இருநூறு என்றால் எங்களுக்குப் பங்கு கிடையாது; மேற்கொண்டு நாங்கள் அவனுக்குக் கொடுக்கவேண்டி வந்தாலும் வரும்.

"அப்ப நாப்பது."

"எட்டு வெள்ளிக்குத்தான் பங்கு வரும் சார்."

"இருபது."

"இருபத்தெட்டுக்கு வரும்."

கண்ணை மூடிக்கொண்டார். வகுப்பில் கடினமான பத்தி வாசிக்கும்போது மூடுவாரே, அந்த மாதிரி. பொன்னைவிடப் பெறுமதியான காகிதம் என் கண்ணெதிரே பத்தாயிற்று, ஐந்தாயிற்று, இரண்டாயிற்று. கடைசியில் கண்ணைத் திறந்து, "ஐம்பது சதம். பத்துச் சதம் கடதாசிக்கு, நாப்பது பிரேமுக்கு. நாப்பத்தேழரை வெள்ளிக்குப் பங்கு வருமெல்லே?" என்றார்.

"வரும் சார்."

அந்தப் பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது. எழுதிய விலையைக் கொடுத்து அசைனி பிணையை மீட்டுக்கொள்ளலாம். அதை வாசிக்கட்டுமா என்று கேட்டேன். "காணும், காணும், கையெழுத்துப் போடப் போறன்" என்றார். பெரியவர் வேண்டாம் என்ற பிறகு வாசிப்பது மரியாதையாகாது. நான் மரியாதை தெரிந்தவன்.

வியாழக்கிழமை கோர்ட்டுக் கட்டடத்தில் கடன் கொடுத்தவர்கள் கூட்டம். அசைனி ஒரு வெள்ளைக்காரத் துரை. மெட்ராஸில் பாதிரியார் யாரிடமோ தமிழ் படித்தவர்; வேதப் புத்தகத் தமிழ்தான் பேசுவார். எல்லோரும் உட்கார்ந்ததும் முதலில் செட்டியாரைப் பார்த்து, "ஓ செட்டியாரே, நீர் உரைக்க வேண்டியதை உரைப்பீராக" என்றார். செட்டியார் பதறி எழுந்து நின்றுவிட்டார்.

அறை மூலையில் வடிவேலு. பென்சிலும் காகிதமும் இல்லாமல் அவனால் உட்கார முடியாது. நோட்டீஸின் பின்பக்கத்தில் பேசுவதையெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தான். தன் மானம் கப்பலேறுவதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டிருந்தான் பாவி.

சைக்கிள் கடைத் தவுக்கே, சைக்கிளைத் திருப்பி எடுத்துக்கொண்டேன், "சுடா ஹாபிஸ் லா", கணக்குத் தீர்ந்தது என்று தன் பங்குக்கு முடித்துக்கொண்டார். எங்கள் முறை வந்தது. துரை பாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். ஒரு காகிதம் சட்டப்படி பிணையாகுமா ஆகாதா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. துரை அந்த வம்புக்குப் போகவில்லை. பிரின்சிபாலிடம் இங்கிலீஷில், "சர்டிபிகேட்டின் மதிப்பு ஐம்பது காசு என்று உறுதியாகச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார்.

"உறுதியாக. பிரேமோடு சேர்த்து."

"ஆணியும் சேர்த்தா?"

"ஆணியும் சேர்த்து."

"நல்லது. அந்த விலைக்கு நான் அதை மீட்டுக்கொள்கிறேன்."

பிரின்சிபாலின் குடை கீழே விழுந்தது. செட்டியார் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்லுறாக?"

சொன்னேன். செட்டியார் பிரின்சிபால் பக்கம் திரும்பினார். "ஏங்க, போன மாசம் எங்க அண்ணன் மகனச் சேக்க வந்தப்ப பொன்னவிட ஒசத்தின்னீகளே. இப்ப அம்பது காசுங்கிறீக. பயல நிப்பாட்டிரவா?"

பிரின்சிபாலுக்கு வேர்த்தது. கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். அதையும் நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். பிறகு துரையிடம், தான் ஐம்பது காசு என்று சொன்னது பிரேமுக்கும் ஆணிக்கும் மட்டும்தான், சர்டிபிகேட்டைச் சேர்த்துச் சொல்லவில்லை என்றார்.

துரை, சொன்னது என்ன என்று அறையைப் பொதுவாகக் கேட்டார். அவருடைய குமாஸ்தா பதில் தெரியாமல் காகிதங்களைப் புரட்டினான். மூலையிலிருந்து வடிவேலு எழுந்தான். எழுந்த பிறகுதான் தான் எழுந்துவிட்டோம் என்று அவனுக்கே தெரிந்தது போலிருந்தது. துரை தலையசைத்தார். வடிவேலு வாசித்தான். கேள்வி, பதில், பிரேம், ஆணி, நடுவில் பிரின்சிபால் இருமியது எல்லாம் வந்தன. பிறகு செட்டியார் தமிழில் பேசியதையும் வாசித்தான். அதை எந்தக் குறியீட்டில் எழுதினானோ, அண்ணன் மகன்கூட விடுபடவில்லை.

நான் பிரின்சிபாலைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டவர் முகம் அல்ல அது, வகுப்பில் இருக்கும் முகம். வடிவேலு முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"நூற்றிருபதுக்கு மேலே போறான்" என்றார். பிறகு துரையிடம், "நான் அப்படித்தான் சொன்னேன். மீட்டுக்கொள்ளுங்கள்" என்றார்.

அவரிடம் எனக்கு இருந்த வெறுப்பில் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது. மீதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். சம்பள நாளுக்கு வேண்டியிருந்தது.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. மீட்பதற்குக் காசு வேண்டும். திவாலானவன் சொத்தில் அன்றைக்கு ஒரு காசும் இல்லை. சர்க்கார் பணத்தை எடுக்கத் துரைக்கு அதிகாரம் இல்லை. ஐம்பது காசு இல்லாமல் பேராக் மாநிலத்தின் நீதி பரிபாலனம் கொஞ்ச நேரம் நின்றுபோனது. நான் என் பையைத் தடவினேன், மாதக் கடைசி.

செட்டியார் இடுப்பு மடியை அவிழ்த்தார்.

"எழுநூறு வெள்ளிய விட்டுட்டு ஒக்காந்திருக்கேன். இன்னும் அம்பது காசுல என்ன முழுகிப் போச்சு? இந்தப் பிள்ளை வேலைக்குப் போனாத்தானே மாசாமாசம் நமக்கு ஏதாச்சும் வரும்? வச்சுக்கங்க" என்று மேசையில் காசை வைத்தார்.

அன்று சாயங்காலமே பிரேமைக் கழற்றி, ஆணியையும் பிடுங்கிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். துரை ஆணியையும் சேர்த்துத்தானே மீட்டிருக்கிறார்? லெட்சுமி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். சுவரில் பிரேம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. வடிவேலு தெலுக் ஆன்சன் வரை ரயிலிலும் அதற்குமேல் படகிலும் அந்தக் கண்ணாடிப் பிரேமை மடியில் வைத்துக்கொண்டு போனான். திங்கட்கிழமை வேலை கிடைத்தது. கம்பெனித் துரை பிரேமைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உட்கார், இந்தக் கடிதத்தை எடு என்றாராம்.

அதற்குப் பிறகு எங்கள் காலேஜில் சர்டிபிகேட்டைப் பிடித்து வைக்கும் வழக்கம் நின்றது. கட்டணம் கட்டினால்தான் பரீட்சைக்குப் பெயர் போகும் என்று பிரின்சிபால் மாற்றிவிட்டார். அவர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

வடிவேலு சம்பளத்தில் ஒரு பங்கு மாதாமாதம் அசைனிக்குப் போனது. அங்கிருந்து எங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சில வருஷங்களில் கோர்ட்டு அவனை விடுவித்தது. மீதிக் கடன் சட்டப்படி செத்துப்போனது. யாரும் கேட்க முடியாது, அவனும் கொடுக்கவேண்டாம்.

ஒருநாள் மாடிப்படியில் செருப்புச் சத்தம். வடிவேலு. புதுச் சட்டை. பின்னால் லெட்சுமி, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. பிரின்சிபால் அவனைப் பார்த்ததும் கேட்டார்.

"வேகம் என்ன?"

"நூத்தி நாப்பது சார்."

"ம்."

வடிவேலு மேசைமேல் பணத்தை வைத்தான். நாற்பத்தெட்டு வெள்ளியில் அசைனி மூலம் வந்தது போக மிச்சம் முழுவதும். சட்டம் செத்துப்போனது என்று சொன்ன கடன். பிரின்சிபால் எண்ணினார். இரண்டாம் தரமும் எண்ணினார். அதிலிருந்து ஐம்பது காசை எடுத்து அவன் பக்கம் தள்ளினார்.

"இது கூடுதல். சர்டிபிகேட்டுக்கு ஐம்பது சதம் எனக்கு அண்டைக்கே வந்திட்டுது."

வடிவேலுவுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். சொல்ல என்ன வெட்கம். அவன் அந்தக் காசை என்னிடம் கொடுத்தான்.

"அப்ப இது செட்டியாரு காசு அண்ணே. நீங்க போறப்ப குடுத்துருங்க. நான் படகைப் புடிக்கணும்."

சாயங்காலம் செட்டியாரின் கிட்டங்கிக்கு, அதாவது வட்டிக் கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லிக் காசை நீட்டினேன். வட்டி கேட்பார் என்று எதிர்பார்த்து அதற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் காசை வாங்கவே இல்லை.

"இது கடனுன்னு யாரு சொன்னது? கடனா இருந்தா பேரேட்டுல எழுதியிருப்பேன்ல. அது வெலை குடுத்து வாங்குனது. குடுத்த வெலைய யாராச்சும் திருப்பி வாங்குவாகளா? போங்க தம்பி."

வெளியே வந்து தெருவில் நின்றேன். பிரின்சிபால் தன்னுடையது இல்லை என்கிறார். வடிவேலு தன்னுடையது இல்லை என்கிறான். செட்டியாரும் இல்லை என்கிறார். படகு போய்விட்டது. எதிரே மாமாக் கடையில், அதாவது முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது.

நல்ல கறி. ரொட்டி மூன்று சாப்பிட்டேன். அந்தத் திவால் வழக்கில் ஒரு காசும் கடன் கொடுக்காதவன் நான். காசு கைக்கு வந்த அதே நாளில், மிச்சமில்லாமல், வயிறு நிறைய வசூல் செய்தவனும் நான் ஒருவன்தான்.